ஊசி போட்ட இரண்டு இடங்கள்: ஏசி கிளினிக்குக்கு மூன்று ஸ்டார், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நாலரை

முதலிலேயே மார்க்கைச் சொல்லிவிட்டேன், அவசரத்தில் இருப்பவர்கள் தலைப்போடு கிளம்பலாம். காரைக்குடியில் என் மகளுக்கு ஹெச்பிவி ஊசி, அதாவது கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் வைரஸுக்கான தடுப்பூசி, போட்ட தனியார் கிளினிக்குக்கு ஐந்துக்கு மூன்று. தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் என் நாத்தனாரின் கைக்குழந்தைக்கு ஊசி போடுகிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நாலரை. இரண்டின் பெயரையும் எழுதப் போவதில்லை, தனியாக மெசேஜ் அனுப்பிக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். வேறு வேறு ஊசி, வேறு வேறு வயசு, ஒன்று காசுக்கு ஒன்று இலவசம், இதை எப்படி ஒப்பிடுகிறாய் என்று என் வீட்டுக்காரரே கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நான் மார்க் போடுவது மருந்துக்கு இல்லை. ஊசி உடம்பில் ஏறுவதற்கு முன்னால் பெற்றவளுக்கு ஒரு சந்தேகம் வருமே, அதைக் கேட்டால் அந்த இடத்தில் என்ன பதில் கிடைக்கிறது என்பதற்குத்தான்.

கிளினிக்கின் நல்லதை முதலில் சொல்கிறேன். சுத்தம் என்றால் சுத்தம். போனிலேயே டோக்கன், சொன்ன நேரத்துக்குள் கூப்பிட்டுவிடுகிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு ஊசி போட பெண் செவிலியர், தனி அறை, திரை. எட்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளை வெட்கப்படும் என்பதைப் புரிந்து வைத்திருக்கிறார்கள். பில்லில் மருந்தின் பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் இருந்தது, கேட்காமலே கொடுத்தார்கள். இந்தியாவில் தயாராகும் ஊசியைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம், ஒரு டோஸ் சுமார் 2,000 ரூபாய். ஒன்பது வகை வைரஸுக்கான வெளிநாட்டு ஊசி பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. எது வேண்டுமென்று நம்மிடமே விட்டுவிடுகிறார்கள், விலை அதிகமானதை நம் தலையில் கட்டவில்லை. இது பெரிய விஷயம், இந்த ஊரில் எல்லா இடத்திலும் நடக்காது.

பிரச்சினை சுவரில் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் ஆளுயரத்துக்கு ஒரு போஸ்டர். நீல நிறத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் முத்திரை, அந்தக் கோலும் பாம்பும், கீழே பெரிய எழுத்தில் அவர்கள் பரிந்துரைத்தது என்று. சரி, நல்லதுதான். நான் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்: "உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரிலேயே ஒரு டோஸ் போட்டாலும் போதும்னு சொல்லிட்டாங்களேம்மா, நீங்க ஏன் ரெண்டு டோஸ்னு எழுதியிருக்கீங்க?" அந்தப் பெண் போஸ்டரைக் கையால் காட்டி, "மேடம், டபிள்யூஹெச்ஓவே சொல்லியிருக்காங்க" என்றாள். அதே ஆள் சொன்ன இன்னொன்றைத்தானே நான் கேட்கிறேன் என்று திரும்பச் சொல்லிப் பார்த்தேன். மறுபடியும் போஸ்டர்.

கூட வந்த என் மாமியார் விடவில்லை. "ஆந்திராவுல இந்த ஊசியைப் போட்டுப் பொம்பளைப் பிள்ளைக செத்துப்போச்சுகளாமே?" என்றார். "அதெல்லாம் வாட்ஸ்அப்புல வர்ற வதந்தி பாட்டி, நம்பாதீங்க." இந்தப் பதிலுக்குத்தான் ஒரு ஸ்டாரைக் குறைத்தேன். ஏனென்றால் அது வதந்தி இல்லை. பாதி உண்மை, பாதி திரிபு, அந்தப் பாதி உண்மையை மறைத்தால் மீதியை யாரும் நம்ப மாட்டார்கள்.

நடந்தது இதுதான். 2009ல் பாத் என்கிற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் மாநில அரசுகளோடும் சேர்ந்து, அன்றைய ஆந்திராவில் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தில் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊசியைப் போட்டுப் பார்த்தது. பணம் கேட்ஸ் அறக்கட்டளை. ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகளில் ஏழு பேர் இறந்துபோனார்கள். 2010 ஏப்ரலில் மத்திய அரசு எல்லாவற்றையும் நிறுத்தியது. விசாரித்தவர்கள், சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றார்கள்: ஒரு பிள்ளை தண்ணீரில் மூழ்கியது, ஒன்று பாம்பு கடித்தது, விஷம் குடித்தது உண்டு, காய்ச்சல் உண்டு. ஆனால் அதே விசாரணையில் இன்னொன்றும் வெளியே வந்தது. பல பிள்ளைகளுக்கு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டது தாயும் இல்லை தகப்பனும் இல்லை, விடுதி வார்டனும் தலைமை ஆசிரியரும். பழங்குடிப் பிள்ளைகள், ஏழைப் பிள்ளைகள். 2013ல் நாடாளுமன்ற நிலைக்குழு இதை மிகக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை கொடுத்தது.

ஆக, என் மாமியார் கேட்டது கேட்கவேண்டிய கேள்விதான். "ஆமா பாட்டி, அப்படி ஒன்னு நடந்துச்சு, சாவுக்குக் காரணம் ஊசி இல்லை, ஆனா பெத்தவங்களைக் கேக்காமப் போட்டது தப்பு, அதனாலதான் இப்ப உங்க கையெழுத்து இல்லாமப் போட மாட்டோம்" என்று மூன்று வரியில் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். போஸ்டருக்கு ஆன செலவில் கால்வாசியை வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுக்கச் செலவழித்திருக்கலாம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு திருப்பம் உண்டு, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். அதே 2009ல் வேறொரு ஆய்வும் இந்தியாவில் நடந்துகொண்டிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு பிரான்சில் லியோன் நகரத்தில் இருக்கிறது, அவர்கள் நடத்தியது. மூன்று டோஸ் போடுவதா இரண்டு போதுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். ஆய்வு நடந்த இடங்களில் ஒன்று நம்ம திண்டுக்கல் மாவட்டம், ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கை. 2010ல் அரசு தடை போட்டதும் இந்த ஆய்விலும் ஊசி போடுவது பாதியில் நின்றுபோனது. சுமார் 5,000 பெண் பிள்ளைகள் ஒரே ஒரு டோஸோடு நின்றுவிட்டார்கள். யாரும் திட்டமிட்டது இல்லை. ஆய்வு கெட்டுப்போச்சு என்று மூட்டை கட்டாமல், அந்தப் பிள்ளைகளை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால், ஒரு டோஸ் போட்டவர்களுக்கும் அந்த இரண்டு முக்கியமான வைரஸ் வகைகள் உடம்பில் தங்கிவிடாமல் 95 சதவீதம் அளவுக்குப் பாதுகாப்பு இருந்தது. 2021ல் முடிவு வெளியானது. அடுத்த வருஷம் ஒரு டோஸ் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னதற்கு இதுவும் ஒரு ஆதாரம். இன்றைக்கு உலகம் முழுக்கப் பல ஏழை நாடுகள் ஒரு டோஸோடு முடிக்கின்றன, அதற்கு அம்பிளிக்கைப் பக்கத்துப் பிள்ளைகளும் காரணம், அந்தப் பிள்ளைகளுக்கு ஊசி பாதியில் நின்றதற்கோ கம்மத்தில் நடந்த சாவுகளும் பெற்றவர்களைக் கேட்காமல் போட்ட கையெழுத்துகளும் கிளப்பிய சர்ச்சை காரணம்.

இவ்வளவையும் அந்தப் போஸ்டர் சொல்லாது, போஸ்டரின் வேலையும் இல்லை. ஆனால் உள்ளே டாக்டரிடம் போனதும் அவர் சொன்னார், அதனால்தான் மூன்று ஸ்டார், இல்லையென்றால் இரண்டோடு நின்றிருக்கும். "ஒரு டோஸ் ஆய்வு நடந்தது வேற கம்பெனி ஊசியில. நீங்க எடுக்கிற இந்திய ஊசிக்கு இங்க உரிமம் கொடுத்திருக்கிறது 9 முதல் 14 வயசுக்கு ஆறு மாச இடைவெளியில ரெண்டு டோஸ்னுதான். அதை மீறி நான் ஒன்னுன்னு எழுத முடியாது. 15 வயசுக்கு மேலன்னா மூணு." முடிந்தது. இதுதான் பதில். காசு கட்டுவதற்கு முன்னால் டாக்டரைப் பார்க்க விடுங்கள் என்பது என் முதல் யோசனை. அங்கே பில் முதலில், டாக்டர் பிறகு.

எதற்கு இந்த ஊசி என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: கருப்பை வாய்ப் புற்றுநோய். அதே லியோன் அமைப்பின் கணக்குப்படி 2020ல் இந்தியாவில் சுமார் 1.24 லட்சம் பெண்களுக்குப் புதிதாக வந்தது, 77 ஆயிரம் பேர் இறந்தார்கள். தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இலவசமாகப் போட 36 கோடி ரூபாய் அறிவித்தது. என் மகளுக்கு அதுவரை பொறுக்க எனக்கு மனசில்லை, அவ்வளவுதான்.

இப்போது கிராமத்துக்கு வருகிறேன். புதன்கிழமை. தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கு ஊசி என்றால் புதன்கிழமைதான், இது பிள்ளை பெற்ற எல்லோருக்கும் தெரியும். ஏசி கிடையாது, மேலே ஒரு ஃபேன், அதுவும் மனசு வந்தால் சுற்றும். சிமெண்ட் பெஞ்சில் இடம் பிடிக்க வேண்டும். அட்டையை அடுக்கி வைத்து வரிசைப்படி கூப்பிடுகிறார்கள், அட்டையின் மேல் கல்லை வைக்காவிட்டால் காற்றில் பறக்கும். சுவரில் போஸ்டர்கள் இருந்தன, பாதி கிழிந்தவை. நாத்தனார் குழந்தைக்கு ஆறாவது வார ஊசி. வாயில் போலியோ சொட்டு மருந்து, வயிற்றுப்போக்குக்கான ரோட்டா சொட்டு மருந்து, தொடையில் ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடுகிற பென்டாவேலன்ட், நிமோனியா ஊசி, கையில் போலியோ ஊசி. இத்தனையையும் ஒரே நாளில் ஒரு பச்சைப் பிள்ளைக்குப் போடுவதா என்று என் மாமியார் வழக்கம்போல ஆரம்பித்தார். காரைக்குடியில் பதில் கிடைக்காத கோபம் வேறு பாக்கி இருந்தது.

நர்ஸம்மா சிரிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. ஐஸ் பெட்டியிலிருந்து குப்பியை எடுத்து அவர் கண் முன்னால் நீட்டினார். "அப்பத்தா, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இதைப் பாருங்க. இந்த வட்டத்துக்குள்ள ஒரு கட்டம் இருக்கா? கட்டம் வெளுப்பா இருக்கா? வெளுப்பா இருந்தா மருந்து நல்லா இருக்குன்னு அர்த்தம். வெயில் பட்டுச்சு, சூடு ஏறிச்சுன்னா இது தானாக் கறுத்துரும். வட்டமும் கட்டமும் ஒரே நிறமாயிட்டா நான் தொட மாட்டேன், கீழ போட்டுருவேன். நீங்களே பாத்துச் சொல்லுங்க, போடலாமா?"

என் மாமியார் குப்பியை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, நகைக்கடையில் தங்கத்தை உரசிப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "வெளுப்பாத்தான் இருக்கு. போடுங்க."

அந்தச் சின்ன வட்டத்தைக் குப்பிகளுக்குக் கொண்டுவந்தது யார் என்று பிறகு தேடிப் படித்தேன். சாட்சாத் அந்தப் போஸ்டர்காரர்கள்தான். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து 1996ல் போலியோ சொட்டு மருந்துக் குப்பிகளில் ஆரம்பித்தார்கள், பிறகு மற்ற தடுப்பூசிகளுக்கும் வந்தது. ஃபேக்டரியிலிருந்து கப்பல், விமானம், குளிர்சாதன லாரி, மாவட்டக் கிடங்கு, சுகாதார நிலையத்துப் பெட்டி என்று எங்கே சூடு பட்டிருந்தாலும் அது மறக்காது, யாரும் பொய் சொல்லி மறைக்கவும் முடியாது. அப்புறம் ஒரு தடவை அழுத்தினால் பூட்டிக்கொள்கிற சிரிஞ்ச், அதையே திரும்ப இன்னொரு பிள்ளைக்குப் போட முடியாது. தடுப்பூசிக்கு இந்த வகையை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 1999ல் வற்புறுத்தியதும் இவர்கள்தான். நர்ஸம்மா அந்த நிறுவனத்தின் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் அதுவரைக்கும் யாரும் அதன் வேலையை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததும் இல்லை.

ஊருக்குள் பெரிய பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன இல்லையா, அந்த வீட்டு ஐயாக்கள் பர்மாவிலும் மலேயாவிலும் வட்டித் தொழில் செய்த காலத்தில் கடைக்கு ஒரு விலாசம் இருக்கும், நாலைந்து இனிஷியல் எழுத்துகள். ரங்கூனில் கடன் வாங்குகிறவன் முதலாளியைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான், அவர் இங்கே திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவனுக்குத் தெரிந்தது விலாசமும், எதிரே பெட்டியடியில் உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டும்தான். ஏஜெண்டு கணக்கைத் திறந்து காட்டுகிறவரைக்கும் விலாசத்துக்கு மதிப்பு, அவன் முறைத்தால் அந்த எழுத்துகளால் ஒரு பிரயோசனமும் இல்லை. காரைக்குடிக் கிளினிக் விலாசத்தைச் சுவரில் மாட்டிவிட்டுக் கணக்கை மூடி வைத்திருக்கிறது.

இதை எழுதினால் என் வீட்டுக்காரரின் சித்தப்பா சண்டைக்கு வருவார். கோலாலம்பூரில் இருக்கிறார், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தடுப்பூசிக்கு எதிரான செய்திகளின் மொத்த விநியோகஸ்தர். ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமையகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மருந்துக் கம்பெனியின் கையாட்கள் என்பது அவர் கட்சி. அவர் அனுப்புகிற வீடியோக்களில் முக்கால்வாசி குப்பை. ஆனால் அவரை முட்டாள் என்று சொல்லிவிட்டு நகர முடியாது, ஏனென்றால் மீதிக் கால்வாசி நிஜம். 2020 ஜனவரியில் சீனா சொன்னதை வைத்து, கொரோனா மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் ட்வீட் போட்டது. மார்ச்சில் கொரோனா காற்றில் பரவாது என்று அடித்துச் சொன்னது, பிற்பாடு மாற்றிக்கொண்டது. பாகிஸ்தானில் பின்லேடனைப் பிடிக்க அமெரிக்க உளவுத்துறை 2011ல் ஒரு டாக்டரை வைத்துத் தடுப்பூசி முகாம் நடத்தியது, இதுவும் உண்மை, அதற்குப் பிறகு போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போன பெண்களை அங்கே சுட்டுக் கொன்றார்கள். பிலிப்பைன்ஸில் 2016ல் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு டெங்கு ஊசி போட்டார்கள். அடுத்த வருஷம், முன்னால் டெங்கு வராத பிள்ளைகளுக்கு அந்த ஊசியால் ஆபத்து கூடலாம் என்று கம்பெனியே சொன்னது. அந்த நாட்டில் தடுப்பூசி முக்கியம் என்று உறுதியாகச் சொன்னவர்கள் 2015ல் 93 சதவீதம், 2018ல் 32. டெங்கு ஊசியோடு நிற்கவில்லை, தட்டம்மை ஊசியையும் சேர்த்து ஒதுக்கினார்கள், 2019ல் தட்டம்மை பரவியது.

சித்தப்பாவுக்கு நம்ம ஊரிலேயே பெரிய துணை உண்டு, அது அவருக்குத் தெரியாது. 1955ல் ராஜாஜி பிசிஜி ஊசிக்கு எதிராக வரிந்துகட்டிக்கொண்டு எழுதினார். காசநோய்க்காக உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஆதரவு கொடுத்து நாடு முழுக்கப் பிள்ளைகளுக்குப் பிசிஜி போட்ட காலம் அது. முந்தின வருஷம் வரை முதலமைச்சராக இருந்தவர் எதிர்த்தால் சும்மா இருக்குமா, சென்னை மாநிலத்தில் வேலை தடுமாறியது. அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பின்னால் நடந்ததைக் கேளுங்கள். 1968ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பிசிஜியை லட்சக்கணக்கான பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள், அதில் உலக சுகாதார நிறுவனமும் பங்கு. 1979ல் முடிவு: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. இதை அவர்கள் தங்கள் சொந்தப் பத்திரிகையிலேயே போட்டார்கள். இருபது முப்பது வருஷம் தாங்களே தூக்கிப் பிடித்த ஊசி. பச்சைக் குழந்தைகளுக்கு மூளைக் காய்ச்சல் மாதிரி வருகிற கடுமையான காசநோயைத் தடுக்கிறது என்பதால் பிறந்ததும் பிசிஜி போடுவது மட்டும் தொடர்கிறது, நாத்தனார் குழந்தையின் கையிலும் தழும்பு இருக்கிறது. தன் தப்பைத் தன் கையாலேயே அச்சடிக்கிற ஒரு நிறுவனத்தை, தப்பே செய்யாதவன் என்று பீற்றிக்கொள்கிறவனைவிட நான் அதிகம் நம்புவேன். சித்தப்பாவுக்கு இதை வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன், நீல டிக் மட்டும் வந்தது.

அவரே கொரோனா சமயத்தில் பட்டபாடு தனிக்கதை. அப்போது ஊரில் மாட்டிக்கொண்டிருந்தார். எந்த ஊசி நல்லது என்று யாரும் கேட்கவில்லை, எந்த ஊசியை அந்த நாட்டு விமான நிலையத்தில் ஏற்பார்கள் என்பதுதான் எங்கள் பக்கம் ஒரே கேள்வி. சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று வீட்டுக்கு ஒருவர் இருக்கிற ஊர் இது. கோவிஷீல்டின் பெயர் 2021 பிப்ரவரியிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் ஏறிவிட்டது. கோவாக்சினுக்கு இங்கே ஜனவரியிலேயே அனுமதி கொடுத்தார்கள், அதுவும் மூன்றாம் கட்ட ஆய்வு முடிவு வரும் முன்னாலேயே, ஆனால் ஜெனீவாப் பட்டியலில் இடம் கிடைக்க நவம்பர் 3 ஆனது. நடுவில் கோவாக்சின் போட்டவர்கள் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார்கள். ஊரில் கோவிஷீல்டுக்கு மட்டும் வரிசை நீண்டது. அந்த நிறுவனத்தை ஏசுகிற சித்தப்பா கோவிஷீல்டு கிடைக்கிற முகாமாகத் தேடி அலைந்தார். சான்றிதழ் என்றால் வேண்டும், ஆலோசனை என்றால் வேண்டாம். அவர் ஒருத்தர் மட்டும் இல்லை, நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அதே வருஷம் ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மாரடைப்பில் இறந்தார். ஊசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள், பிறகு ஆராய்ந்த குழுவும் அதையேதான் சொன்னது. ஊர் கேட்கவில்லை. வீடு வீடாக வந்து உட்கார்ந்து பேசியது இந்த மாதிரி நர்ஸம்மாக்கள்தான். அம்மை போட்டால் வேப்பிலை கட்டி முத்துமாரியம்மனுக்கு நேர்ந்துகொள்கிற ஊர் இது. "ஆத்தாளையும் கும்பிடுங்க, ஊசியும் போட்டுக்கங்க, ரெண்டுக்கும் சண்டை இல்லை" என்று பேசத் தெரிந்தவர் வேண்டும். உலக அளவில் 2018ல் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில் தெற்கு ஆசியாவில் 95 சதவீதம் பேர் தடுப்பூசி பாதுகாப்பானது என்றார்கள், பிரான்சில் மூன்றில் ஒருவர் இல்லை என்றார். அத்தனை வசதி இருக்கிற நாட்டில் அப்படி, நம்மிடம் இப்படி. ஜெனீவாவில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தா நம் ஆட்கள் 95 சதவீதம் நம்பினார்கள்? சௌமியா சுவாமிநாதன் அங்கே தலைமை விஞ்ஞானியாக இருந்தபோதுகூட, நம்ம ஊர்ப் பொண்ணாச்சே என்று தெரிந்தவர்கள் எங்கள் தெருவில் ரொம்பக் குறைவு.

சரி, சுகாதார நிலையத்துக்கு ஏன் அரை ஸ்டார் குறைவு என்று சொல்லவில்லையே. கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. கைக்குழந்தைக்காரிகளும் கர்ப்பிணிகளும் வருகிற இடத்தில் இது மன்னிக்கவே முடியாத குறை, உண்மையில் ஒரு ஸ்டார் போயிருக்க வேண்டும், நர்ஸம்மாவுக்காக அரையோடு விட்டேன். கம்ப்யூட்டரில் பதிவு போடும்போது நாத்தனாரின் பழைய போன் நம்பர் இருந்ததால் ஓடிபி வராமல் கொஞ்ச நேரம் போனது. அப்புறம், ஊசி போட்டதும் அரை மணி நேரம் உட்கார வேண்டும், ஏதாவது ஒவ்வாமை வந்தால் பார்த்துக்கொள்ள. அதற்கென்று தனி இடம் இல்லை, வேப்பமரத்து அடியில் நின்றோம். நின்றோம் என்பதைக் கவனியுங்கள்: கிளினிக்கில் அழகான சோபா போட்டிருந்தும் அரை மணி நேரம் உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை, பில்லைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வளரும் பிள்ளைகள் ஊசிக்குப் பிறகு மயங்கி விழுவது சகஜம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. நானாகத்தான் மகளை உட்கார வைத்தேன். இதற்கும் சேர்த்துத்தான் மூன்று.

கிராமத்தில் கிளம்பும்போது நர்ஸம்மா சொன்னவை: இன்றைக்குக் காய்ச்சல் வரும், வந்தால் பயப்படாதீங்க, சொட்டு மருந்து இவ்வளவு, எடைக்கு இவ்வளவு, ஊசி போட்ட இடத்தில் எண்ணெய் தேய்க்காதீங்க, ஒத்தடம் போடலாம், ராத்திரி ரொம்ப அழுதாலோ பால் குடிக்காவிட்டாலோ போன் பண்ணுங்க. அட்டையின் பின்பக்கம் நம்பர் எழுதிக் கொடுத்தார். இலங்கையில் 2008ல் இதே பென்டாவேலன்ட் ஊசியைச் சில குழந்தைகள் இறந்ததால் நிறுத்திவைத்து, ஆராய்ந்து, 2010ல் மறுபடியும் தொடங்கினார்கள், அதைப் படித்திருந்ததால் நான் அவரிடம் கேட்டேன். அவருக்கு இலங்கை விவரம் தெரியாது. "எனக்குத் தெரியலைம்மா, டாக்டர்கிட்டக் கேட்டுச் சொல்றேன். ஆனா இந்த ஊசி நம்ம தமிழ்நாட்டுக்கு 2011 கடைசியில வந்தது, அப்பலேர்ந்து நான் போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். தெரியலை என்று சொல்ல அவருக்குக் கூச்சமே இல்லை. இரண்டு நாள் கழித்து போன் பண்ணவும் செய்தார்.

போகிறவர்களுக்கு: புதன்கிழமை காலையிலேயே போய்விடுங்கள். தட்டம்மை ஊசிக் குப்பியைக் கரைத்துவிட்டால் நாலு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அதனால் மத்தியானம் சாவகாசமாகப் போய் நின்றால் அடுத்த வாரம் வரச் சொல்ல வாய்ப்பு உண்டு. தடுப்பூசி அட்டை, ஆதார், இப்போது கையில் இருக்கும் போன் நம்பர், குடிக்கத் தண்ணீர், ஒரு விசிறி. குப்பியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், நம்ம உரிமை, யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. தனியார் கிளினிக் போகிறவர்கள் டாக்டரைப் பார்த்த பிறகுதான் பில் போடுவேன் என்று வரவேற்பில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், குளிர்பெட்டியில் வெப்பநிலையைத் தினமும் எழுதுகிறார்களா என்று கேளுங்கள், இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

மகளுக்கு இரண்டாவது டோஸும் அதே கிளினிக்கில்தான், பேட்ச் விவரம் அவர்களிடம் இருக்கிறது, டாக்டரும் நல்லவர். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடையாது, அடுத்த தெருவில் போட்டுவிட்டு நடக்க வேண்டும், வெயிலில் வயதானவர்களோடு போகிறவர்கள் ஆட்டோவில் போவது நல்லது.